டிக் போடுவது யார்?

எக்செல் ஷீட்டில் ஒரு சின்னச் சதுரம் வைக்கலாம். மவுசால் ஒரு முறை அழுத்தினால் உள்ளே டிக் விழும், மறுமுறை அழுத்தினால் போய்விடும். ஆங்கிலத்தில் செக்பாக்ஸ். பிரெஞ்சில் 'காஸ் ஆ கொஷே'. நான் டிக் பெட்டி என்றே எழுதுகிறேன். இந்தப் பெட்டிகளைக் கையால் ஒவ்வொன்றாக அழுத்தாமல் மேக்ரோ எழுதி இயக்குவது எப்படி என்று பென்ஷனர் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எந்த இடத்தில் மேக்ரோவை வைத்து இயக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்ப்யூட்டரைத் தொடாத நண்பர்கள் நடுவில் வரும் நாலைந்து பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம், குற்றமில்லை.

டிக் என்பது நம் தலைமுறைக்குப் புதிதல்ல. எங்கள் பிரெஞ்சு வழிப் பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு போனால், ஆசிரியர் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் 'வ்யூ' என்று எழுதிக் கீழே கோடு இழுப்பார். 'பார்த்தேன்' என்று அர்த்தம். சரி, தப்பு என்பதெல்லாம் வேறு. முதலில் பார்த்தாக வேண்டும். பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது, சம்பளப் பட்டியலில் பெயருக்கு நேரே விழும் டிக்குக்கும் அதே அர்த்தம்தான் என்று தெரிந்துகொண்டேன். மூலப் பதிவேட்டை இடது கைப்பக்கம் திறந்து வைத்து, ஒரு விரலை அதன்மேல் ஓட்டி, வலது கையால் டிக் போட வேண்டும். பதிவேட்டைத் திறக்காமல் மளமளவென்று டிக் போடுகிறவரை எங்கள் சூப்பிரண்டெண்ட் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடுவார். கை போகிற வேகமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பழக்கத்துக்கு வேறு ஒரு வேலை வந்தது. எங்கள் பகுதியில் ஓய்வூதியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு குழு வைத்திருக்கிறோம். பெரிய சங்கமெல்லாம் இல்லை. ஒருவருக்கொருவர் ஒத்தாசை, அவ்வளவுதான். வருடா வருடம் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். மத்திய அரசு விதிப்படி 80 வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கொடுக்கத் தவறினால் பென்ஷன் நின்றுவிடும். பிறகு சான்றைக் கொடுத்தால் நிலுவையோடு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில் மருந்துக் கடைக்காரருக்கு யார் பதில் சொல்வது? ஆகவே எங்கள் 142 பேரில் யார் கொடுத்துவிட்டார், யார் கொடுக்கவில்லை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். முதலில் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இப்போது எக்செலில் இருக்கிறது. அதைக் கவனிப்பது என் பொறுப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எக்செலில் டெவலப்பர் என்றொரு தாவல் உண்டு. சாதாரணமாக அது மறைந்திருக்கும். ஆப்ஷன்ஸுக்குள் போய்க் கொண்டுவர வேண்டும். அதில் இன்சர்ட் என்பதை அழுத்தினால் டிக் பெட்டி இரண்டு இடத்தில் தெரியும். மேலே உள்ளது ஃபார்ம் கன்ட்ரோல் வகை, கீழே உள்ளது ஆக்டிவ்எக்ஸ் வகை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் குணம் வேறு. ஆக்டிவ்எக்ஸ் பெட்டிக்கு மதிப்பு ட்ரூ அல்லது ஃபால்ஸ். ஃபார்ம் பெட்டிக்கு மதிப்பு எண்ணாக இருக்கும். டிக் இருந்தால் 1, இல்லாவிட்டால் −4146. எண் எதற்கு இப்படி என்று கேட்காதீர்கள், செய்தவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள். அதை நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எக்ஸ்எல்ஆன், எக்ஸ்எல்ஆஃப் என்று பெயரால் எழுதினால் போதும். நம்முடையது போன்ற பெயர்ப் பட்டியலுக்கு ஃபார்ம் வகையே உத்தமம். காரணம் பின்னால் வருகிறது.

பெட்டியை வைத்ததும் அதை ஒரு செல்லோடு இணைக்க வேண்டும். பெட்டியின்மேல் வலது பொத்தானை அழுத்தி, ஃபார்மட் கன்ட்ரோல் போய், செல் லிங்க் என்ற இடத்தில் செல்லின் முகவரியைக் கொடுத்தால் ஆயிற்று. டிக் போட்டால் அந்தச் செல்லில் ட்ரூ என்றும் எடுத்தால் ஃபால்ஸ் என்றும் விழும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் பெட்டியைச் சரியாக இணைத்துவிட்டு, மற்ற 141 பேருக்கும் அதை நகல் எடுத்து ஒட்டுகிறார்கள். நகல்கள் அத்தனையும் முதல் பெட்டியின் செல்லோடுதான் இணைந்திருக்கும். ஒருவருக்கு டிக் போட்டால் ஊருக்கே டிக் விழும்!

இதற்கு மேக்ரோ கைகொடுக்கும். ஷீட்டில் உள்ள டிக் பெட்டிகள் எல்லாவற்றையும் எக்செல் செக்பாக்ஸஸ் என்ற ஒரே கூட்டமாகப் பார்க்கிறது. 'ஃபார் ஈச்' என்று தொடங்கி ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, அதன் லிங்க்ட்செல் என்ற பண்புக்கு, பெட்டி உட்கார்ந்திருக்கும் செல்லுக்கு வலப்பக்கத்துச் செல்லின் முகவரியைக் கொடுக்கும்படி எழுதலாம். பெட்டி எந்தச் செல்லில் உட்கார்ந்திருக்கிறது என்பதை டாப்லெஃப்ட்செல் சொல்லும். ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்டியின் மேல் விளிம்பு ஒரு மயிரிழை மேல் வரிசைக்குள் ஏறியிருந்தாலும் இணைப்பு மேல் வரிசைக்குப் போய்விடும். மேக்ரோவை ஓட்டிய பிறகு முதல் வரிசை, கடைசி வரிசை, நடுவில் நாலைந்து என்று கையால் அழுத்திச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வருடத்துக்கு ஒருமுறை எல்லா டிக்கையும் துடைப்பது. இதற்குச் சுற்று எதுவும் வேண்டாம். ஆக்டிவ்ஷீட், செக்பாக்ஸஸ், வேல்யூ என்ற மூன்று சொல்லையும் புள்ளி வைத்து இணைத்து, சமக்குறி போட்டு, எக்ஸ்எல்ஆஃப் என்று முடித்தால் ஒரே வரியில் 142 பெட்டியும் காலி. ஆனால் மேக்ரோ செய்த மாற்றத்தைக் கன்ட்ரோல்–இசட் போட்டுத் திரும்பப் பெற முடியாது. அதனால் அந்த வரிக்கு முன்னால் 'துடைக்கலாமா?' என்று கேட்டு ஆம், இல்லை பொத்தான் காட்டும் ஒரு செய்திப் பெட்டி வையுங்கள். பழைய ஆண்டுக் கோப்பை வேறு பெயரில் சேமித்த பிறகே ஆம் என்று அழுத்துங்கள்.

எண்ணும்போது ஒரு பொறி இருக்கிறது. வேறு குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தம் கோப்பைக் கொண்டுவந்து, "யாருமே வராத தேதியிலும் அத்தனை பேரும் வந்துவிட்டதாகக் காட்டுகிறதே சார்" என்றார். யாரோ எழுதிக் கொடுத்த மேக்ரோ அது. 'பெட்டியின் மதிப்பு இருந்தால் ஒன்று கூட்டு' என்று எழுதியிருந்தது. ஆக்டிவ்எக்ஸ் பெட்டிக்கு அது சரியாக வேலை செய்யும். ஃபார்ம் பெட்டிக்குச் செய்யாது. பூஜ்யம் அல்லாத எந்த எண்ணையும் மேக்ரோ மொழி 'உண்டு' என்றே எடுத்துக்கொள்ளும். −4146 பூஜ்யம் இல்லையே! ஆக, காலிப் பெட்டியும் டிக் போட்ட பெட்டியாகக் கணக்கில் ஏறிவிட்டது. 'மதிப்பு எக்ஸ்எல்ஆனுக்குச் சமமாக இருந்தால்' என்று மாற்றியதும் கணக்கு சரியாகிவிட்டது. மேக்ரோவே இல்லாமல் எண்ண வேண்டுமானால், இணைத்த செல்களின்மேல் கவுன்ட்இஃப் போட்டு ட்ரூ எத்தனை என்று கேட்கலாம்.

இப்போது ஃபார்ம் வகையை நான் விரும்பும் காரணம். அசைன் மேக்ரோ என்பதை அழுத்தி, எல்லாப் பெட்டிக்கும் ஒரே மேக்ரோவைக் கட்டிவிடலாம். எந்தப் பெட்டி அழுத்தப்பட்டது என்பதை அப்ளிகேஷன்.காலர் சொல்லும். அதை வைத்து வரிசையைக் கண்டுபிடித்து, டிக் விழுந்திருந்தால் அந்த வரிசையில் இன்றைய தேதியை எழுது, எடுத்திருந்தால் தேதியை அழி என்று சொல்லிவிடலாம். டுடே என்ற சூத்திரத்தைப் போடாதீர்கள். அது தினமும் மாறிக்கொண்டே இருக்கும். மேக்ரோவுக்குள் டேட் என்று எழுதி, தேதியை மதிப்பாகவே பதியச் சொல்லுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. ஃபார்ம் பெட்டியை விரலால் அழுத்தினால்தான் கட்டிய மேக்ரோ ஓடும். வேறொரு மேக்ரோ அதற்கு டிக் போட்டாலோ, யாராவது இணைத்த செல்லில் ட்ரூ என்று தட்டினாலோ டிக் விழும், தேதி விழாது. ஆக்டிவ்எக்ஸ் அப்படி இல்லை. கோட் வழியாக மதிப்பை மாற்றினாலும் அதன் கிளிக் நிகழ்ச்சி ஓடிவிடும். அதாவது ஃபார்ம் பெட்டிப் பட்டியலில் டிக் இருந்து தேதி இல்லாவிட்டால், அந்த டிக்கை ஆள் அழுத்திப் போடவில்லை என்று தெரிந்துவிடும். பழைய சூப்பிரண்டெண்டின் கண் எக்செலுக்குள் வந்து உட்கார்ந்ததுபோல எனக்கு ஒரு திருப்தி.

இரண்டு வருடம் முன்பு, நவம்பர் தொடக்கத்தில், எங்கள் குழுச் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். நல்ல மனிதர், என்னைவிட நான்கு வயது இளையவர், சுறுசுறுப்பு. "அண்ணே, எப்படியும் முக்கால்வாசிப் பேர் தானாகவே போய்க் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பட்டனை வைத்து எல்லாருக்கும் டிக் போட்டுவிடுங்கள். கொடுக்காதவர்களுக்கு மட்டும் நாம் எடுத்துவிடலாம். வேலை நாலில் ஒரு பங்காகிவிடும்" என்றார்.

மேக்ரோவைப் பொறுத்தவரை அது ஒரே ஒரு வார்த்தை மாற்றம். எக்ஸ்எல்ஆஃப் இருக்கும் இடத்தில் எக்ஸ்எல்ஆன். கணக்குப்படிப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் முடிய வேண்டும். ஆனால் நான் மறுத்துவிட்டேன். அவருக்குச் சொன்ன காரணத்தை இங்கேயும் சொல்கிறேன்.

காலியாகத் தொடங்கும் பட்டியலில் நாம் ஒருவரை மறந்துவிட்டால், அவர் பெட்டி காலியாக நிற்கும். பார்க்கிறவர் கண்ணில் படும். 'இவர் என்ன ஆனார்?' என்று கேட்பார். நிரம்பித் தொடங்கும் பட்டியலில் ஒருவரை மறந்துவிட்டால், அவர் டிக்கோடு நிற்பார். யாரும் கேட்க மாட்டார்கள். வருகிறவர்கள் தாமே வந்து சொல்லிவிடுவார்கள். வர முடியாதவர்கள்தான் வந்து சொல்ல மாட்டார்கள். பட்டியல் வைத்திருப்பதே அவர்களுக்காகத்தான். அவர்களுக்கு முதல் நாளே டிக் போட்டு அனுப்பிவிட்டால் பட்டியல் எதற்கு?

"மேக்ரோ துடைக்கட்டும், எண்ணட்டும், தேதி போடட்டும். டிக் மட்டும் நாம் போடுவோம் தம்பி" என்றேன். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு சரி என்றார். வேலையைக் குறைக்க நான் வேறு ஒரு வழி செய்து தந்தேன்.

ஃபார்ம் பெட்டிக்கு மூன்றாவது நிலை ஒன்று உண்டு. மிக்ஸ்ட் என்பார்கள், மதிப்பு 2. பெட்டி சாம்பல் நிறமாகத் தெரியும், இணைத்த செல்லில் 'என்ஏ' என்ற பிழைக்குறி வரும். மவுசால் அழுத்தி இந்த நிலைக்குக் கொண்டுபோக முடியாது. மேக்ரோவாலோ அமைப்பை மாற்றியோதான் முடியும். நவம்பர் 20ஆம் தேதி ஓட்டுவதற்கு ஒரு மேக்ரோ எழுதினேன். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, எக்ஸ்எல்ஆஃப் ஆக இருந்தால் எக்ஸ்எல்மிக்ஸ்ட் ஆக்கிவிடும், அவ்வளவே. சாம்பல் பெட்டி என்றால் 'வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்' என்று எங்களுக்குள் ஒப்பந்தம். மேக்ரோ சந்தேகம் எழுப்பலாம், அதில் தவறில்லை. பதிலை ஆள் போய்த்தான் கொண்டுவர வேண்டும்.

அந்த வருடம் 20ஆம் தேதி சாம்பலானவை பதினொன்று. அதில் ஏழு பேர் போன் போட்டதும், "கொடுத்துட்டேனே, உங்களிடம் சொல்ல மறந்துட்டேன்" என்றார்கள். மூன்று பேர் அடுத்த நாளே போய்க் கொடுத்தார்கள். மிச்சம் ஒரு அம்மா. குடும்பப் பென்ஷன் வாங்குகிறவர். கணவர் எங்கள் காலத்து ஓட்டுநர், காலமாகிப் பல வருடம் ஆகிறது. போனை எடுக்க ஆளில்லை. செயலாளரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தபோது, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு, ஒரு மாதமாக வில்லியனூர் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள்.

மகள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தோம். அந்த அம்மா கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். "வேண்டாம்மா, படுங்க" என்றோம். மகள் அங்கன்வாடி வேலைக்குப் போகிறவர். லைஃப் சர்டிபிகேட் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. "வருஷா வருஷம் அம்மாவே போய் ஏதோ கையெழுத்துப் போட்டுட்டு வருவாங்க" என்றார். தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து டிஜிட்டல் சான்று எடுத்துக்கொடுக்கும் வசதி இருக்கிறதல்லவா, அதற்குச் சொல்லி ஏற்பாடு செய்தோம். தபால்காரர் வந்த அன்று நானும் போயிருந்தேன். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், லேசில் விழாது. நான்காவது விரலில்தான் விழுந்தது. வீட்டுக்குத் திரும்பி, கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தச் சாம்பல் பெட்டியை அழுத்தினேன். டிக்கும் விழுந்தது, தேதியும் விழுந்தது. டிசம்பரில் பென்ஷன் தடையில்லாமல் வந்தது.

திரும்பி வரும் வழியில் செயலாளர் பேசாமலே வந்தார். அந்தப் பட்டன் விஷயத்தை அவரும் அதன்பிறகு எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எங்கள் உறுப்பினர்களில் நாலைந்து பேர் வருடத்தில் பாதியைப் பிரான்சில் பிள்ளைகளோடு கழிக்கிறவர்கள். அவர்களைப் போனில் விசாரிப்பது அங்கே குடியிருக்கும் என் தங்கையின் பொறுப்பு. கோப்பை அவளுக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். அவளுடைய எக்செல் பிரெஞ்சு. இங்கே ட்ரூ என்று இருக்கும் செல் அங்கே 'வ்ரே' என்று திறக்கும். ஃபால்ஸ் 'ஃபோ' ஆகிவிடும். கவுன்ட்இஃப் என்ற சூத்திரமே 'என்பி.எஸ்ஐ' என்று மாறி, நடுவில் உள்ள காற்புள்ளி அரைப்புள்ளி ஆகிவிடும். கூட்டுத்தொகை மட்டும் இங்கும் அங்கும் ஒன்றுதான். மேக்ரோ வரிகள் மாறுவதில்லை, அவை எங்கே திறந்தாலும் ஆங்கிலம்தான். "அண்ணா, இந்த வ்ரேயைப் பார்த்தால் பள்ளிக்கூடத்து திக்தே ஞாபகம் வருது" என்று ஒருமுறை சிரித்தாள்.

கோப்பை அனுப்புகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. மேக்ரோ உள்ள கோப்பை 'எக்ஸ்எல்எஸ்எம்' வகையாகச் சேமிக்க வேண்டும். சாதாரண 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' ஆகச் சேமித்தால் மேக்ரோ காணாமல் போய்விடும். 2022இலிருந்து, மின்னஞ்சலில் வந்த கோப்பின் மேக்ரோவை எக்செல் தடுத்துவிடுகிறது. கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் என்பதற்கு டிக் போட்டால் ஓடும். அனுப்பியவர் யார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அந்த டிக்கைப் போடுங்கள். தெரியாதவர் அனுப்பிய மேக்ரோவைத் திறப்பதும் தெரியாதவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

2024இல் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வைத்திருப்பவர்களுக்குப் புதுவகை டிக் பெட்டி வந்திருக்கிறது. அது செல்லுக்குள்ளேயே உட்காரும், தனியாக இணைக்க வேண்டியதில்லை. நகல் எடுத்தாலும் குழப்பம் இல்லை. துடைக்க வேண்டுமானால் அந்தச் செல்களின் மதிப்பை ஃபால்ஸ் ஆக்கினால் போதும். என்னிடம் பழைய எக்செல்தான் இருக்கிறது, நான் பழைய பெட்டியோடுதான் காலம் தள்ளுகிறேன்.

எங்கள் கோப்பின் மாதிரி வேண்டும் என்பவர்கள் ஒரு பென் டிரைவோடு வீட்டுக்கு வரலாம். பெயர்களை நீக்கிவிட்டு மேக்ரோக்களோடு தருகிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் காபியும் உண்டு. எல்லாருக்கும் டிக் போடும் பட்டன் மட்டும் அதில் இருக்காது.